அலமாரி நிறையத் துணி, மாலைக்கு உடுத்த ஒன்றுமில்லையா?

‘சனிக்கிழமை ராத்திரி 8 மணி. எஸ்பிளனேட் பக்கத்துல சாப்பாடு, அப்புறம் கச்சேரி. எல்லாரும் வர்றோம், நீயும் வரணும்.’

பள்ளித் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் இப்படி ஒரு செய்தி வந்தால், நாட்காட்டியைப் பார்ப்பதற்கு முன்பே நம்மில் பலர் அலமாரியைத் திறந்து பார்ப்போம். ஒரு பக்கம் கல்யாணம், கோயில், தீபாவளி என்று சேர்ந்த பட்டுச்சேலைகள். இன்னொரு பக்கம் வேலைக்குப் போடும் பேண்ட், சட்டை, சுடிதார். கீழ்த்தட்டில் வீட்டு உடை. இவற்றுக்கு நடுவே, நல்ல உணவகத்துக்கோ நாடகத்துக்கோ நண்பர்களோடு கிளம்பும் ஓர் இரவுக்கென்று எதுவும் இருக்காது.

காரணம் புரியாததல்ல. பிள்ளை வளர்ப்பு, அலுவலகம், பெற்றோர் கவனிப்பு என்று ஓடிய 20 ஆண்டுகளில் அப்படிப்பட்ட மாலைகளே வரவில்லை. வராத மாலைக்கு யார் உடை வாங்குவார்கள்?

இப்போது பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், அழைப்புகளும் வருகின்றன. ஆனால், ‘எனக்கு வேலை இருக்கு, நீங்க போங்க’ என்று பதில் போய்விடுகிறது. எதை உடுத்துவது என்று தெரியவில்லை, பழையது எதுவும் உடம்புக்குச் சேரவில்லை என்பதைக் குழுவில் எழுத முடியுமா? நான்கு முறை மறுத்தால் ஐந்தாம் முறை அழைப்பு வராது. 50 வயதில் விட்டுப்போன நட்பு 60 வயதில் தானாகத் திரும்பி வருவதும் அரிது. ஆகவே, இதை வெறும் துணி விவகாரம் என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

உடம்பின் கணக்கு மாறுகிறது

பெரும்பாலான பெண்களுக்கு 45 முதல் 55 வயதுக்குள் மாதவிடாய் நிற்கிறது. அதையொட்டிய ஆண்டுகளில் இடுப்புச் சுற்றளவு கூடுவதும், திடீரென்று முகமும் கழுத்தும் கொதித்து வியர்த்து, சில நிமிடங்களில் அடங்குவதும் பலருக்கு வழக்கம். சிங்கப்பூரின் புழுக்கத்தில் ரயில் நிலையம் வரை நடந்து, பிறகு குளிரூட்டப்பட்ட அரங்கில் இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும். ஒரே மாலையில் வியர்வையும் நடுக்கமும் மாறி மாறி வரும்.

இதற்கு விடை துணியில் இருக்கிறது. பருத்தி, லினன், மெல்லிய பட்டு ஆகியவை காற்றை விடும். பளபளக்கும் பாலியெஸ்டர் சாட்டின் கடையில் அழகாகத் தெரிந்தாலும், வெப்பத்தை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். சாம்பல் நிறத்திலும் வெளிர் நிறப் பட்டிலும் வியர்வைக் கறை உடனே தெரியும். கருநீலம், கறுப்பு, பூ வேலைப்பாடு உள்ள துணிகளில் அவ்வளவாகத் தெரியாது. கையில்லாத அல்லது மெல்லிய உள்ளுடை ஒன்று, அதற்கு மேல் எளிதில் கழற்றி மாட்டக்கூடிய சால்வை அல்லது முன்பக்கம் திறந்த நீள ஜாக்கெட் ஒன்று என்று இரண்டு அடுக்காக உடுத்தினால் இரண்டு பிரச்சினைக்கும் தீர்வு கிடைக்கும்.

அழைப்பில் என்ன எழுதியிருக்கிறது?

‘ஸ்மார்ட் கேஷுவல்’ என்ற சொல் பலரைக் குழப்புகிறது. பட்டும் வேண்டாம், டி-சட்டையும் வேண்டாம் என்பதுதான் அதன் பொருள். நல்ல தையலுள்ள பேண்டும் பட்டுக் குர்தாவும் போதும்.

சீன நண்பர் வீட்டுத் திருமண விருந்து என்றால் சிவப்பு மணப்பெண்ணுக்குரிய நிறம். முழுக் கறுப்பையும் முழு வெள்ளையையும் மூத்தவர்கள் விரும்பமாட்டார்கள். மயில் நீலம், பச்சை, ரோஸ், தங்க மஞ்சள் எல்லாம் பொருந்தும். நம் வீட்டு விசேஷங்களில் கறுப்பைத் தவிர்த்தே பழகியவர்களுக்கு, நிறுவனத்தின் ஆண்டு விருந்தும் நண்பர்களுடனான இரவு உணவும் கறுப்பு அணிந்து பார்க்க நல்ல வாய்ப்பு.

வெளிச்சத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். மங்கிய மஞ்சள் விளக்கில் கருநீலமும் கரும்பச்சையும் கறுப்பாகவே தெரியும். சரிகையும் மணி வேலைப்பாடும் பகலைவிட இருமடங்கு மின்னும். ஆகவே, உடையைப் பகல் வெளிச்சத்தில் முடிவு செய்யாமல், இரவில் வீட்டின் மஞ்சள் விளக்கின்கீழ் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

நான்கு வழிகள்

முதலாவது, சேலைதான். காஞ்சிப் பட்டுக்குப் பதிலாக, ஒட்டி விழும் கிரேப், ஜார்ஜெட் அல்லது கரை மெலிந்த மென்பட்டு. ஒரே நிறச் சேலைக்கு முழங்கை வரை கைவைத்த, கழுத்து மூடிய ரவிக்கை தைத்தால் உடனே இரவுக்கான தோற்றம் வந்துவிடும். பருத்திச் சேலையை வெள்ளைச் சட்டைமேல் கட்டுவதை இளையோர் மட்டும் செய்ய வேண்டும் என்று சட்டமில்லை. மின்படிகளில் ஏறி இறங்க வேண்டியிருந்தால் கொசுவத்தை ஓர் அங்குலம் தூக்கிக் கட்டுங்கள்.

இரண்டாவது, நேராக விழும் கறுப்பு அல்லது கருநீலப் பேண்ட். இது ஒன்று நன்றாக அமைந்துவிட்டால் மேலே எதைப் போட்டாலும் சேரும். தேய்ந்துபோன பட்டுச்சேலையை நீள ஜாக்கெட்டாகத் தைத்து இதன்மேல் அணியலாம். ஐந்தரை மீட்டர் சேலையில் அதற்குத் தாராளமாகத் துணி இருக்கிறது. மடிப்பு விழுந்து இற்றுப்போன இடங்களை மட்டும் டைலரிடம் காட்டித் தவிர்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, கெபாயாவும் பாத்தேக் சாரோங்கும். புருணை, இந்தோனீசியா, மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகளும் சேர்ந்து முன்மொழிந்த கெபாயாவை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ தன் மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. மலாக்கா செட்டி சமூகப் பெண்கள் தலைமுறைகளாக அணிந்துவரும் உடை அது. நமக்கு அந்நியமானதென்று தயங்கத் தேவையில்லை. இடுப்பை இறுக்கிப் பிடிக்காமல் சற்றுத் தளர்வாகத் தைத்துக்கொண்டால் எந்த உடல்வாகுக்கும் எடுப்பாக இருக்கும். அரப் ஸ்திரீட்டில் பாத்தேக் துணி பார்த்து வாங்கலாம்.

நான்காவது, முழங்காலுக்குக் கீழே இறங்கும் கவுன். கை முழங்கை வரையும், கழுத்து ‘வி’ வடிவிலும் இருந்தால் பெரும்பாலோருக்குச் சேரும். கால் தெரிவது சங்கடமாக இருந்தால் கணுக்கால்வரை நீளமானதை எடுங்கள். சங்கடத்தோடு அணியும் உடை எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், இரவு முழுவதும் அதை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருப்போம்.

டைலரை மறக்காதீர்கள்

கடையில் தொங்கும் உடை யாரோ ஒருவரின் அளவுக்குத் தைத்தது. அது நமக்குச் சேரவில்லை என்றால் குறை நம் உடம்பில் இல்லை. தோள் சரியாக அமைகிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். இடுப்பு, கை, நீளம் மூன்றையும் டைலர் சரிசெய்துவிடுவார். தேக்கா நிலையத்தின் மேல்தளத்தில் துணிக்கடைகளோடு தையல்காரர்களும் இருக்கிறார்கள்.

அளவு கொடுக்கப் போகும்போது அன்று அணியப்போகும் உள்ளாடையையும் செருப்பையும் போட்டுக்கொண்டு போங்கள். இரண்டும் அளவை மாற்றும். ரவிக்கையின் இரு பக்கமும் ஒன்றரை அங்குலம் துணி விட்டுத் தைக்கச் சொன்னால் உடம்பு மாறினாலும் பிரித்துக்கொள்ளலாம்.

விலையையும் இப்படிப் பாருங்கள். 300 வெள்ளிக்கு வாங்கி ஒரே இரவு அணிந்த உடையின் விலை இரவுக்கு 300 வெள்ளி. 120 வெள்ளிக்கு வாங்கித் தைத்து 12 முறை அணிந்தால் இரவுக்கு 10 வெள்ளிதான்.

நகை, செருப்பு, கைப்பை

ஜிமிக்கி பெரிதானால் கழுத்தை விட்டுவிடுங்கள்; கழுத்தில் அட்டிகை என்றால் காதில் சிறு தோடு போதும். தாலிக்கொடி அணிபவர்கள் இன்னொரு நெக்லஸைச் சேர்க்க வேண்டியதில்லை. தோளிலிருந்து தோளுக்கு நேராக வெட்டிய இறுக்கமான கழுத்துக்குள் கொடி புடைத்துத் தெரியும். ‘வி’ கழுத்தில் அழகாகப் படியும்.

வயது ஆக ஆகப் பாதம் அகலமாகும். மாலையில் சற்று வீங்கியும் இருக்கும். அதனால் செருப்பை மாலையில் வாங்குவது நல்லது. இரண்டு அங்குலத்துக்கு மிகாத, கட்டையான குதிகால் போதும். கடைசி ரயிலைப் பிடிக்க ஓட வேண்டியிருக்கலாம் என்பதை மனத்தில் வையுங்கள்.

சூரியத் தடுப்புக் களிம்பு கலந்த முகப்பூச்சு, கைப்பேசியின் பிளாஷ் பட்டால் படத்தில் முகத்தைச் சாம்பல் பூத்ததுபோல் காட்டும். இரவுக்கு அது இல்லாத பூச்சைப் பயன்படுத்துங்கள். கைப்பை சிறியதாக இருக்கலாம். ஆனால் வாசிப்புக் கண்ணாடி அதில் அடங்க வேண்டும். மங்கிய விளக்கில் உணவுப் பட்டியலைக் கையை நீட்டி நீட்டிப் படிப்பது எந்த உடைக்கும் பொருந்தாது!

‘இந்த வயசுல இதெல்லாம் தேவையா?’

உறவினர் கூட்டத்தில் யாராவது ஒருவர் இதைக் கேட்கத்தான் செய்வார். சில வீடுகளில் பிள்ளைகளே கேட்பார்கள். 25 வயது மகள் விரும்பியதை அணிய அம்மா வழக்காடியிருப்பார். அதே அம்மா கையில்லாத ரவிக்கை போட்டால் மகள் முகம் சுளிப்பார். இளையோரே, அம்மாவுக்கு உதவ நினைத்தால் அடுத்த சனிக்கிழமை அவரைக் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். ‘உங்க வயசுக்கு இது சரியில்லம்மா’ என்று சொல்வதற்கு முன், ‘உங்களுக்கு எது பிடிச்சிருக்கு?’ என்று கேளுங்கள். அவரிடம் யாரும் நெடுநாளாகக் கேட்காத கேள்வியாக அது இருக்கலாம்.

கணவரை இழந்த பெண்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாக வருகிறது. நிறம், பூ, பொட்டு எல்லாவற்றுக்கும் யாராவது கணக்கு வைத்திருப்பார்கள். எதை அணிவது, எப்போது தொடங்குவது என்பது அவருடைய முடிவு. தோழிகள் செய்யக்கூடியது, அழைப்பை நிறுத்தாமல் இருப்பது. ‘அக்கா, நான் வந்து கூட்டிட்டுப் போறேன்’ என்ற ஒரு வரி, தயங்கி நிற்பவரை வாசல் தாண்ட வைக்கும்.

ஒரு வாரத்துக்கு முன்பே

கடைசி நேரத்தில் கட்டில் முழுவதும் துணியைக் குவித்துக் கண் கலங்குவதைத் தவிர்க்க, ஒரு வாரத்துக்கு முன்பே முழு உடையையும் செருப்போடு போட்டுப் பாருங்கள். நாற்காலியில் பத்து நிமிடம் உட்காருங்கள், கையைத் தலைக்குமேல் தூக்குங்கள், நான்கு படி ஏறி இறங்குங்கள். எங்கேயும் இழுக்கவில்லை, குத்தவில்லை என்றால் ஒரு படம் எடுத்துக் கைப்பேசியில் வையுங்கள். அடுத்த அழைப்புக்கு யோசிக்க வேண்டியிராது.

எல்லாம் சரியாக இருந்தால், அன்றைக்கே குழுவில் ‘நான் வர்றேன்’ என்று எழுதிவிடுங்கள்.