கூரை ஜலமும் கரிசல் மண்ணும்

எட்டயபுரம் வட்டத்தில் புரட்டாசி பிறந்தால் குடியானவர்கள் உழவையும் விதையையும் கவனிப்பார்கள்; வீட்டுக் கூரையைக் கவனிப்போர் சிலரே. கூரை ஜலம் சுவரடியில் இறங்கினால், கரிசல் மண் அதனை உண்டு உப்பும். கோடையில் சுருங்கி வெடிக்கும். வருஷந்தோறும் இவ்வாறு ஏறி இறங்கும் மண்ணின்மேல் அஸ்திவாரம் அசையாது நிற்பது எங்ஙனம்?

சென்ற ஐப்பசியில் குடியானவர் ஒருவர் தம் வீட்டுச் சுவரின் வெடிப்பை எனக்குக் காட்டினார். இரண்டு வருஷம் சிமெண்டு பூசியும் வெடிப்பு மீண்டும் திறந்ததால், கொத்தனார்மீது அவருக்கு வருத்தம். சுற்றிப் பார்த்ததில், கூரைக் குழாய் சுவரடியிலேயே முடிந்திருந்தது. சுவரை ஒட்டிய குலுக்கையில் விதைக் கம்பு பூஞ்சணம் பிடித்துக் கிடந்தது.

100 சதுர மீட்டர் கூரையில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர் ஜலம் வழியும். 2023 டிசம்பரில் நமது ஜில்லாவிலுள்ள காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் பெய்தது. அத்தகைய பெருமழைக்கு எந்தக் கால்வாயும் போதாது. ஆயினும் சாதாரண மழையால் நேரும் சேதத்தைப் பெரும்பாலும் தடுக்கலாம்.

இறவாரத்துத் தகரக் கால்வாயின் மேல்முனையில் ஒரு குடம் ஜலம் ஊற்றிப் பார்த்தால் குறை தெரிந்துவிடும்.

1. நடுவில் ஜலம் தேங்கினால், தாங்கிகள் தளர்ந்துள்ளன. 10 அடி நீளத்திற்கு 1 அங்குலம் சாய்வு இருக்குமாறு அவற்றை மாற்றி இறுக்கவேண்டும்.

2. விளிம்பில் வழிந்தால், வேப்பிலையும் குருவிக்கூட்டுச் சருகும் குழாய்வாயை அடைத்திருக்கும். அவற்றை அகற்றி, வாயில் கம்பிவலை வைக்கவும்.

3. அடைப்பின்றியும் வழிந்தால் குழாய் போதவில்லை. 40 சதுர மீட்டர் கூரைக்கு 4 அங்குலக் குழாய் ஒன்று வேண்டும்.

4. மழையின்போது கால்வாய்க்குப் பின்புறம் சுவர் நனைந்தால், ஓட்டின் நுனி கால்வாய்க்குள் நீளவில்லை என்று அறிக. இரு கூரைகள் சேரும் கூடல்வாயில் தகரம் துருப்பிடித்திருப்பினும் வீட்டினுள் ஒழுகும்.

இவற்றுள் முக்கியமானது, ஜலத்தைச் சுவரிலிருந்து குறைந்தது 10 அடி அப்பால் கொண்டுபோய் விடுவதே. தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம். ஆனால் அதற்கான குழியைச் சுவரோரத்தில் வெட்டுதல் கரிசல் நிலத்திற்கு ஆகாது. ஜலத்தைத் தொட்டியில் சேர்த்தால் கால்நடைகளுக்கும் உதவும்.

கிராம உத்தியோகஸ்தர்கள் பள்ளிக்கூடம், தானியக் கிடங்கு முதலிய பொதுக் கட்டிடங்களை முதல் மழைக்கு முன் இவ்விதம் சோதித்து, மற்றவர்களுக்கு வழிகாட்டுவார்களாக. ஒரு குடம் ஜலமும் ஒரு ஏணியும் இதற்குப் போதும்.