இடந்தருமாறு வேண்டிய தொண்டர்கள்

தொண்டு செய்யப் போகிறவர் முதலில் அனுமதி கேட்க வேண்டும் என்றால் சிலர் வியப்பர். 1958ஆம் ஆண்டு ஜேர்மனியில் லோதர் கிரைசிக் என்பவர் அதையே செய்தார். ஹிட்லர் ஆட்சியில் மனநோயாளர் கொல்லப்படுவதை எதிர்த்துப் பதவியிழந்த நீதிபதி அவர். நாசிகளின் கொடுமைக்கு ஆளான நாடுகளில், ஜேர்மன் வாலிபர் தம் கைகளால் நன்மை செய்ய இடந்தருமாறு, திருச்சபைப் பேரவையில் நின்று அந்நாட்டு மக்களை வேண்டினார்.

இங்கிலாந்தின் கொவென்றி நகரப் பேராலயம் 1940 நவம்பர் 14 இரவு ஜேர்மன் குண்டுகளால் அழிந்தது. 1961இல் கிரைசிக்கின் இயக்கத்து வாலிபர் அங்கு சென்று, இடிபாடுகளிடையே சர்வதேச நிலையமொன்றை அமைக்க உழைத்தனர். இதற்குக் கைம்மாறும் நிகழ்ந்தது. 1945 பெப்ரவரியில் பிரித்தானிய, அமெரிக்க விமானங்கள் டிரெஸ்டன் நகரை எரித்தபோது, அங்கிருந்த திருச்சபை வைத்தியசாலையும் சிதைந்தது. 1965இல் கொவென்றிப் பேராலயம் அனுப்பிய வாலிபர் அதனை மீளக்கட்ட உதவினர்.

இவர்களிற் பெரும்பாலோர் யுத்தகாலத்தில் குழந்தைகள், குற்றம் அவர்களுடையதன்று. ஆயினும் அதன் சுமையிற் பங்கெடுத்தனர். நம் மாணவரைச் சிரமதானத்துக்கு அனுப்பும்போது நாமும் இதனைச் சொல்லி அனுப்புவோம்: உதவி பெறுவோர் நமக்கு இடந்தருகின்றனர், அவர் வாசலிற் பணிவுடன் நிற்பதே தொண்டின் தொடக்கம்.