மிளகாய் விலைபோன காலம்

முற்றத்துப் பாயிலே காய்ந்த செத்தல் மிளகாய், கல்வீடாகவும் உழவு இயந்திரமாகவும் மாறிய காலமொன்று வன்னியில் இருந்தது. எமது மூத்தோர் அதனை இன்றும் சொல்வர். அந்தச் செழிப்பு ஏன் வந்தது, ஏன் போனது என்று நாம் எண்ணிப் பார்ப்பது நன்று.

1970 களின் தொடக்கத்தில் இலங்கைத் திறைசேரி வறண்டிருந்தது. தேயிலை விற்றுக் கிடைத்த அந்நியச் செலாவணி அரிசிக்கும் மாவுக்கும் சீனிக்குமே போதவில்லை. 1973 இன் இறுதியில் எண்ணெய் விலையும் பன்மடங்கு ஏறியது. எனவே மிளகாய், வெங்காயம் என்பவற்றின் இறக்குமதியை அரசாங்கம் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. சந்தை எமது கமக்காரரைத் தேடி வந்தது.

சந்தை வந்தால் மட்டும் போதுமா? நிலமும் நீரும் வேண்டுமே. குடாநாட்டில் கிணறுகள் இருந்தன. விசுவமடு, முத்தையன்கட்டு ஆகிய இடங்களில் படித்த வாலிபர் குடியேற்றத் திட்டங்களின் கீழ் அரசாங்கம் காணி வழங்கியிருந்தது. விளைநிலத்திற் செலவிட்ட அரச பணம், நெருக்கடியிலே பலன் தந்தது.

ஆயினும் அந்த நற்காலம் எல்லோருக்கும் வரவில்லை. அதே ஆண்டுகளில் நகரத்தவர் பாணுக்கு வரிசையில் நின்றனர். மலைநாட்டுத் தோட்டங்களில் மக்கள் பட்டினியால் மாண்டனர். வன்னிக்கு வந்த மலையகக் குடும்பங்கள் பல, சொந்தக் காணியின்றி மிளகாய்த் தோட்டங்களிற் கூலிக்கு உழைத்தன.

1977 இல் ஆட்சி மாறியது. இறக்குமதிக் கதவு திறந்தது, விலை விழுந்தது. மிளகாயையே நம்பிக் கடன்பட்டவர் தவித்தனர்.

2020 இல் மஞ்சள் விலை வானளவு ஏறியதும் இறக்குமதித் தடையினாலேயே. அரசின் ஓர் ஆணையால் வரும் விலை, மற்றோர் ஆணையால் போகும். இதனை மனதிற்கொண்டு நாம் மூன்று காரியங்களைச் செய்யலாம்.

முதலாவது, முழுத் தறையிலும் ஒரே பயிரை நடாது, வீட்டுச் சாப்பாட்டுக்கான பயிருக்கு முதலில் இடம் ஒதுக்குவோம். இரண்டாவது, நல்ல விலை கிடைத்த போகத்திலேயே கடனை அடைத்து, கிணற்றையும் விதையையும் கவனிப்போம். மூன்றாவது, இடம்பெயர்ந்து பிறர் காணியிற் செய்வோர், பயிர் நடுமுன் குத்தகைக் காலத்தை எழுத்திற் பெற்றுக்கொள்வோம். விலை ஏறியபின் கேட்டால் காணிக்காரரின் மனமும் மாறியிருக்கும்.

நெருக்கடி தரும் வாய்ப்பு மாரி மழை போன்றது. குளக்கட்டு உறுதியாயிருந்தால் மட்டுமே அது கோடைக்கும் உதவும்.