ஊசி ஈயை இனங்காணல்

பட்டுப்புழு வளர்ப்போருக்குப் பெருநஷ்டம் விளைவிக்கும் ஒட்டுண்ணிப் பூச்சிகளுள் ஊசி ஈ முதன்மையானது. இதன் விஞ்ஞானப் பெயர் எக்ஸோரிஸ்டா பாம்பைசிஸ் என்பதாகும். நெடுங்காலமாக வங்காளத்தில் அறியப்பட்டிருந்த இவ்வீ, 1980-ஆம் ஆண்டில் கர்நாடகத்தில் தோன்றிப் பின்னர் அண்டை மாநிலங்களுக்கும் பரவிற்று. ஈயின் புழுக்களைத் தாங்கிய பட்டுக்கூடுகள் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டு செல்லப்படுவதே இத்தகைய பரவலுக்கு எளிய வழியாகும். ஆகவே இவ்வீயைப் பிழையின்றி இனங்காண்பது கள ஊழியரின் இன்றியமையாத கடமையாகிறது.

ஈ வகைப் பூச்சிகளுக்குச் சிறகுகள் ஓர் இணையே உண்டு. பின் சிறகுகள் இருக்க வேண்டிய இடத்தில் சிறு குமிழ்கள் காணப்படும். இக்குறி அமைந்துள்ளதா என்பதை முதலில் பார்த்தல் வேண்டும். குளவி முதலியவற்றுக்கு இரண்டு இணைச் சிறகுகள் இருப்பதால் அவை இங்கேயே விலக்கப்படும்.

ஊசி ஈ ஏறத்தாழ 10 முதல் 12 மில்லிமீட்டர் நீளமுடையது, கருஞ்சாம்பல் நிறத்தது. இதன் மார்பின் மேற்புறத்தில் நான்கு கருங்கோடுகள் நீளவாட்டில் ஓடும். எனினும் இக்கோடுகளை மட்டும் கொண்டு முடிவு செய்தல் தவறு. வீட்டு ஈயின் மார்பிலும் நான்கு கோடுகளே உள்ளன. பத்து மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடி ஒன்றின் உதவியால் கீழ்க்கண்ட குறிகளையும் சேர்த்துப் பார்த்தல் நலம்.

1. உணர்கொம்பின் மயிர்: ஊசி ஈயில் இது கிளையின்றி மழுங்கலாகத் தோன்றும். வீட்டு ஈயில் நுனிவரை இருபுறமும் இறகுபோல் கிளைத்திருக்கும். இறைச்சி ஈயில் அடிப்பாதி மட்டும் கிளைத்திருக்கும்.

2. மார்பின் பின்முனை: கேடயம் போன்ற சிறு தகட்டின் அடியில், ஊசி ஈ சேர்ந்த டாக்கினிடே குடும்பத்தில், புடைத்த மேடொன்று தெளிவாகத் தெரியும். வீட்டு ஈயிலும் இறைச்சி ஈயிலும் இப்புடைப்பு இல்லை. இதுவே யாவற்றினும் நம்பத்தக்க குறியாகும்.

3. வயிறு: ஊசி ஈயின் வயிறு கூம்பு வடிவமானது, தடித்த மயிர்முட்கள் நிறைந்தது. இறைச்சி ஈயின் வயிற்றில் சதுரங்கப் பலகை போன்ற கட்டங்கள் தெரியும். அதன் மார்பில் மூன்று கோடுகளே உண்டு.

வளர்ப்பு மனையில் 2 முதல் 4 மில்லிமீட்டர் அளவுள்ள மிகச் சிறிய, கூன்முதுகுடைய ஈக்களும் சில சமயம் திரிவதுண்டு. இவை ஃபோரிடே குடும்பத்தைச் சேர்ந்தவை. சிறகின் முன்விளிம்பையொட்டிய நரம்புகள் தடித்தும் ஏனையவை மெலிந்தும் இருப்பதாலும், விட்டுவிட்டு விரைந்தோடும் இயல்பாலும் இவற்றை எளிதில் அறியலாம். இவற்றுள் பல, செத்த பூச்சிகளின் உடலை நாடி வருபவை. எனவே செத்த புழுவிலிருந்து இவ்வீ வெளிப்பட்டதென்பதைக் கொண்டே, புழு இதனால் இறந்ததெனக் கருதுதல் பொருந்தாது. முதற்காரணம் நோயாக இருப்பின், ஈயை ஒழிக்கும் முயற்சியில் நாட்கள் வீணாகி, நோய் மற்றப் புழுக்களுக்கும் பரவிவிடும்.

ஊசி ஈயின் தாக்குதலுக்குரிய சான்று உயிருள்ள புழுவின் மேலேயே கிடைக்கும். தாய் ஈ வெண்மையான நுண்ணிய முட்டைகளைப் புழுவின் தோலில் ஒட்டிவிடும். இரண்டு மூன்று நாட்களில் முட்டை பொரிந்து, ஈயின் புழு தோலைத் துளைத்து உட்புகும். புகுந்த இடத்தில் கரும்புள்ளி தோன்றும். முன்னரே தாக்கப்பட்ட பட்டுப்புழு கூடு கட்டாமலே மடியும். முதிர்ந்த பருவத்தில் தாக்கப்பட்டது கூடு கட்டும். ஆனால் ஈயின் புழு கூட்டைத் துளைத்து வெளியேறுவதால் அக்கூடு இழை நூற்பதற்குப் பயன்படாது. வெளிவந்த புழு தரைப் பிளவுகளிலும் மண்ணிலும் புகுந்து, செம்பழுப்பு நிறக் கூட்டுப்புழுவாக மாறும். ஏறக்குறைய 10 முதல் 12 நாட்களில் ஈ வெளிப்படும்.

ஐயம் நேரின், கரும்புள்ளியுள்ள புழுவைத் தனியே ஒரு புட்டியிலிட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி, வெளிப்படும் ஈயைச் சோதித்தல் வேண்டும். பெரிய ஈக்களை ஊசியிற் குத்தி உலர்த்தியும், சிறியவற்றை 70 சதவீத ஆல்கஹாலில் இட்டும் காக்கலாம். சேகரித்த இடம், தேதி, எவ்வுயிரிலிருந்து வெளிப்பட்டது என்னும் மூன்றையும் சீட்டில் எழுதி உடன்வைப்பது அவசியம். இக்குறிப்பில்லாத மாதிரியால் பயன் சிறிதே.

டாக்கினிடே குடும்பத்தின் ஈக்கள் யாவும் பகையல்ல என்பதும் நினைவிற்குரியது. அக்குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டர்மியாப்சிஸ் இன்ஃபெரன்ஸ் என்னும் ஈ, கரும்பைத் துளைக்கும் புழுக்களை அழித்து உழவருக்கு உதவுகிறது. பட்டுமனையில் கம்பிவலையும் நைலான் வலையும் கொண்டு தடுக்கப்பட வேண்டிய ஈயின் உறவினம், கரும்புக் கொல்லையில் பேணப்பட வேண்டியதாகிறது. இவ்விரண்டையும் பிரித்தறியும் பயிற்சியை மாணவர்க்கும் அளித்தல் ஆசிரியருக்குப் பொருத்தமான பணியாகும்.