வித்து முளைக்கும் வரை

மக்கும் இலைக்குவியல், ஈரச்சுவர், வைக்கோல், பழைய தானியம் என்று எங்கெல்லாம் பூஞ்சை வளர்கிறதோ அங்கிருந்தெல்லாம் அதன் வித்துகள் காற்றில் ஏறுகின்றன. அஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் என்ற ஒரே ஒரு பூஞ்சையின் வித்துகளையே நாம் நாள்தோறும் நூற்றுக்கணக்கில் உள்ளிழுக்கிறோம். ஒவ்வொன்றும் 2 முதல் 3 மைக்ரான் அளவுதான்; மூக்கின் வடிகட்டலையும் மூச்சுக்குழாயின் சளியையும் தாண்டி, நுரையீரலின் கடைக்கோடியில் உள்ள காற்று நுண்ணறை வரை அவற்றால் போய்விட முடியும். ஆனாலும் நமக்குக் காய்ச்சல் வருவதில்லை, இருமல்கூட வருவதில்லை. பாக்டீரியாவைக் கண்டதும் வெள்ளையணுக்கள் மிக வேகமாகப் பாய்கின்றன. வித்துக்கும் அதே வேகத்தில் பாய்ந்தால் நம் நுரையீரல் ஒரு நாளும் வீக்கம் இல்லாமல் இருக்காது. பூஞ்சை விஷயத்தில் வெள்ளையணுக்களின் உண்மையான திறமை அவற்றின் ஆவேசத்தில் இல்லை, எப்போது எவ்வளவு தாக்குவது என்ற கணக்கில் இருக்கிறது என்பதே என் வாதம்.

விழுங்கும் அணுக்களைப் பற்றிய துறை வேரூன்றியதில் ஒரு பூஞ்சை வித்துக்கும் பங்கு உண்டு. ரஷ்ய விலங்கியலாளர் மெச்னிகோவ் 1884-இல் வெளியிட்ட ஆய்வு, டாஃப்னியா என்ற கண்ணாடி போன்ற உடல் கொண்ட நன்னீர் உயிரியைப் பற்றியது. ஊசி வடிவ வித்துகளை அது உணவோடு விழுங்குகிறது. அவை குடல்சுவரைத் துளைத்துக்கொண்டு உடலுக்குள் நுழைகின்றன. உடனே அதன் இரத்த அணுக்கள் வித்தைச் சூழ்ந்து சிதைக்கின்றன. நுண்ணோக்கியின் கீழ் உயிருள்ள உடலுக்குள்ளேயே இதைப் பார்க்க முடிந்தது. வித்து முளைப்பதற்குள் அணுக்கள் அதை முடித்துவிட்டால் டாஃப்னியா பிழைக்கும். தப்பிய வித்து முளைத்துப் பெருகத் தொடங்கிவிட்டால் பிழைக்காது. விழுங்கும் அணுக்களே உடலின் காவல் என்ற கொள்கைக்கு இது பெரிய ஆதாரமாயிற்று. 1908-இல் பால் எர்லிக்கோடு சேர்த்து மெச்னிகோவுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. விழுங்குதல் என்ற செயலையே உலகம் கொண்டாடியது. முளைப்பதற்கு முன், பின் என்று அவர் கண்ட எல்லைக்கோடு அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. என்னைக் கேட்டால் அதுதான் ஆழமான கண்டுபிடிப்பு.

மனித நுரையீரலில் அந்தக் கோடு எங்கே விழுகிறது என்பது இப்போது மூலக்கூறு அளவில் தெரியும். உறங்கும் வித்தின் மேல் நீர் ஒட்டாத ஒரு புரதப் படலம் போர்த்தியிருக்கிறது. அதற்குக் கீழே மெலனின் நிறமி. வித்துகளை உறக்கநிலையில் கொடுத்தால் நுண்ணறையில் குடியிருக்கும் மேக்ரோஃபேஜ்கள் என்ற விழுங்கும் அணுக்கள் அபாயக் குரல் எழுப்புவதில்லை என்றும், அந்தப் படலத்தை நீக்கிவிட்டால் எழுப்புகின்றன என்றும் 2009-இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவன ஆய்வாளர்கள் காட்டினார்கள். வெதுவெதுப்பிலும் ஈரத்திலும் சில மணி நேரம் கிடந்தால் வித்து பருக்கும், படலம் கிழியும், உள்ளிருக்கும் பீட்டா-குளூக்கான் என்ற சர்க்கரைச் சங்கிலி வெளியே தெரியும். வெள்ளையணுவின் மேற்பரப்பில் உள்ள டெக்டின்-1 அதைத்தான் தொட்டு உணர்கிறது. அதன் பிறகே நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளையணுக்களுக்கு அழைப்பு போகிறது.

இது காவலின் நிதானமா, பூஞ்சையின் ஏமாற்று வேலையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அஸ்பெர்ஜில்லஸின் வாழ்விடம் மக்கும் தாவரக் குப்பை. அதன் வித்து காற்றில் பறப்பதற்கு நனையாத போர்வை தேவை, நம்மை ஏய்ப்பதற்காக அது போர்த்திக்கொண்டதாகக் கொள்ள வேண்டியதில்லை. மேலும், குரல் எழாதபோதும் வேலை நடக்கிறது. மேக்ரோஃபேஜ் உறங்கும் வித்தையும் சத்தமில்லாமல் விழுங்கிவிடுகிறது. உள்ளே வித்து பருக்கத் தொடங்கும்போதுதான் கொல்கிறது என்று எலி நுரையீரல் ஆய்வுகள் சொல்கின்றன. ஏமாந்துபோன அணு இப்படிச் செய்யாது.

தப்பி முளைத்தது இழையாக நீளும்போது விழுங்குவது நடக்காது. நியூட்ரோஃபிலின் குறுக்களவு 12 மைக்ரான் அளவில்தான்; இழை அதைவிடப் பல மடங்கு நீளம். எனவே அந்த அணு இழையின்மேல் தட்டையாகப் படர்ந்து ஒட்டிக்கொள்கிறது, ஆக்சிஜனிலிருந்து தயாரித்த வீரியமான வேதிப்பொருள்களையும் நொதிகளையும் அதன்மீது நேரடியாகக் கொட்டுகிறது. சில அணுக்கள் தங்கள் டிஎன்ஏவையே வலையாக வீசி இழையைச் சிக்கவைக்கின்றன. இதே ஆயுதங்கள் நுரையீரல் திசுவையும் அரிக்கும் என்பதால்தான் இவற்றைக் கடைசிக் கட்டத்துக்கு வைத்திருப்பது உயிர்காக்கும் ஏற்பாடாகிறது.

கடுமையான ஆட்சேபம் புற்றுநோய் வார்டிலிருந்து வரும். ரத்தப் புற்றுநோய் சிகிச்சையில் நியூட்ரோஃபில் எண்ணிக்கை மைக்ரோலிட்டருக்கு 500-க்குக் கீழே இறங்கி, அங்கேயே நாள்கணக்கில் நின்றால், அஸ்பெர்ஜில்லஸ் நுரையீரலில் தடையின்றிப் பரவுகிறது. அப்படியானால் அதிக அணுக்கள் என்றால் அதிகப் பாதுகாப்புதானே? குறைவு ஆபத்து என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. அதிலிருந்து மிகுதி நன்மை என்று முடிவு கட்டுவதைத்தான் மறுக்கிறேன். ஸ்டீராய்டு கொடுத்தால் ரத்தத்தில் நியூட்ரோஃபில் எண்ணிக்கை கூடும். ஆனால் வித்தைக் கொல்லும் மேக்ரோஃபேஜின் திறன் குன்றும். அறிக்கையில் எண் உயர்ந்து தெரியும், காவல் தளர்ந்திருக்கும். 2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது இந்தியாவில் 40,000-க்கும் மேற்பட்டோரைத் தாக்கிய கருப்புப் பூஞ்சை இந்த இடைவெளியில் நுழைந்ததுதான். கட்டுக்கடங்காத சர்க்கரை நியூட்ரோஃபில்களை மந்தமாக்கியது, சிலருக்கு ரத்தத்தில் அமிலம் ஏறி, பூஞ்சைக்கு வேண்டிய இரும்புச்சத்தை அவிழ்த்துவிட்டது, அதன்மேல் ஸ்டீராய்டும் சேர்ந்தது. நோய் எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் என்று அந்த மாதங்களில் விற்கப்பட்ட பொடிகளாலும் கஷாயங்களாலும் இந்த நோயாளிகளுக்கு ஆகியிருக்கக் கூடியது எதுவுமில்லை. சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் ஸ்டீராய்டை அளந்து கொடுப்பதும்தான் பலரின் கண்ணையும் உயிரையும் காத்திருக்கும்.

மறுமுனைக்கும் சான்று உண்டு. அஸ்பெர்ஜில்லஸ் மீது ஒவ்வாமை கொண்ட ஆஸ்துமாக்காரர்களின் மூச்சுக்குழாய்களைச் சிதைப்பது பெரும்பாலும் அவர்களுடைய எதிர்வினையே. இதைவிடத் தெளிவான சாட்சி, பிறவியிலேயே வெள்ளையணுக்களால் அந்த ஆக்சிஜன் ஆயுதத்தைத் தயாரிக்க முடியாத நாள்பட்ட கிரானுலோமா நோய். இந்தக் குறைபாடு உள்ள எலிகளின் நுரையீரலில், கொல்லப்பட்ட, இனி வளரவே முடியாத பூஞ்சை இழைகளைச் செலுத்தியபோதும் வீக்கம் தணியாமல் நீடித்தது. பூஞ்சையைக் கொல்லும் அதே வேதியியல்தான் சண்டையை முடித்துவைக்கவும் செய்கிறது என்பது இதிலிருந்து புலப்படுகிறது. இந்த நோய் உள்ளவர்கள் தோட்டத்து மக்குக் குப்பையைக் கிளறி ஏராளமான வித்துகளைச் சுவாசித்தால், சில நாள்களில் இரு நுரையீரலும் கடுமையாக வீங்கி மூச்சு முட்டுகிறது. அப்போது மருத்துவர்கள் பூஞ்சைக்கொல்லி மருந்தை மட்டும் நம்புவதில்லை; 2021-இல் அத்தனை பேருக்குக் கேடாய் முடிந்த ஸ்டீராய்டையே அதனோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள்.