செல்லப்பிராணிகளின் உரோமத்தில் ஒட்டிய தார், கிரீஸ் அகற்றல்

நாய், பூனை ஆகியவற்றின் உரோமத்தில் தார், கிரீஸ், என்ஜின் ஆயில், பெயின்ட், எலிப் பசை போன்றவை ஒட்டிக்கொள்வதுண்டு. புதிதாகத் தார் போட்ட சாலையைக் கடக்கும் நாய்க்கும், வண்டிக்கு அடியில் படுக்கும் பூனைக்கும் இது நேரலாம். ஒட்டிய பொருளைப் பிராணி நக்கி விழுங்குவது ஓர் ஆபத்து. அதை நீக்க நாம் பயன்படுத்தும் பொருளே நஞ்சாவது மற்றோர் ஆபத்து.

முதலில் செய்ய வேண்டியவை

பிராணி நக்காதபடி துண்டால் சுற்றிப் பிடித்துக்கொள்ள வேண்டும். அல்லது கழுத்தில் கூம்புப் பட்டை மாட்ட வேண்டும். சூடான தார் பட்டிருந்தால் பிய்த்தெடுக்காமல், குளிர்ந்த நீர் ஊற்றி ஆறவைத்து, கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

பயன்படுத்தக் கூடாதவை

மண்ணெண்ணெய், பெட்ரோல், டர்பன்டைன், தின்னர் ஆகியவை தோலைப் புண்ணாக்கும். நக்கும்போது நுரையீரலுக்குள் சென்றால் நிமோனியா உண்டாகும். பூனையின் கல்லீரலில் பீனால் வகைப் பொருள்களைச் சிதைக்கும் நொதி மிகக் குறைவு. எனவே பீனால் கலந்த கிருமிநாசினிகளும், தேயிலை மர எண்ணெயும் பூனைக்கு நஞ்சாகும்.

அகற்றும் முறை

எண்ணெய்த் தன்மையுள்ள பிசுக்கு எண்ணெயில் இளகும். பலாப்பழம் அறுப்பவர்கள் பிசின் ஒட்டாதிருக்கக் கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வதை இதற்கு ஒப்பிடலாம்.

1. எலிப் பசையானால், அட்டையில் மீதமுள்ள பசைமேல் மாவு தூவி, மேலும் ஒட்டாமல் தடுக்கவும்.
2. தேங்காய் எண்ணெய் அல்லது வேறு சமையல் எண்ணெயைத் தடவிச் சில நிமிடங்கள் மெதுவாகப் பிசையவும்.
3. இளகியதைத் துணியால் துடைத்தெடுக்கவும். தேவையானால் மீண்டும் எண்ணெய் தடவவும்.
4. பாத்திரம் கழுவும் மென்மையான திரவ சோப்பைச் சிறிதளவு இட்டு, வெதுவெதுப்பான நீரில் நன்றாக அலசவும். கண், காது, வாயில் படக்கூடாது.
5. ஈரத்தில் பிராணியின் உடல் வெப்பம் குறையுமாதலால் உடனே துவட்டவும்.

சூயிங்கம் ஒட்டியிருந்தால் பனிக்கட்டியால் இறுகச் செய்து உதிர்க்கலாம். நீரில் கரையும் பெயின்டைக் காயும் முன்பே கழுவ வேண்டும். காய்ந்த பெயின்டை உரோமத்தோடு கத்தரிப்பதே நல்லது. அப்போது தோலுக்கும் கத்தரிக்கோலுக்கும் இடையில் சீப்பை வைத்தால் தோல் வெட்டுப்படாது.

மருத்துவரை அணுக வேண்டிய நிலை

வாந்தி, எச்சில் வடிதல், இருமல், மூச்சுத்திணறல், தள்ளாட்டம் ஆகியவை தெரிந்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் செல்ல வேண்டும். பெட்ரோல், மண்ணெண்ணெய் போன்றவற்றை விழுங்கிய பிராணியை வாந்தியெடுக்க வைக்கக் கூடாது. வண்டியின் கூலன்ட் பட்டிருந்தால் அறிகுறிகளுக்காகக் காத்திருக்கக் கூடாது. அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் சிறிதளவே உட்சென்றாலும் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும்.