மூச்சு வாங்குவதற்கு வயசு மட்டுமே காரணமல்ல!

சேலம் செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் நாள் முழுக்க மூட்டைகள் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும். மண்டிகளில் தானியத் தூசு, பக்கத்துத் தெருக்களில் வெள்ளிப் பட்டறைப் புகை, வேலைக்கு நடுவே ஒரு பீடி. இப்படி வருடக்கணக்கில் புகையையும் தூசையும் சுவாசிப்பவர்களுக்கு வரக்கூடியது சி.ஓ.பி.டி. எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். 2021-ல் மட்டும் உலகம் முழுக்க சுமார் 35 லட்சம் உயிர்களைப் பறித்த நோய் இது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பீடி, சிகரெட்டைத் தொடாதவர்களையும் இது விடுவதில்லை. பல ஆண்டுகள் விறகடுப்பை ஊதி ஊதிச் சமைத்த அம்மாக்களும் பாட்டிகளும் இதற்கு ஆளாகிறார்கள்.

ஏன் தெரிவதில்லை?

இந்த நோய் சத்தமில்லாமல் வளரும். மூட்டை தூக்கியவர் கல்லாவில் உட்கார்ந்துவிடுவார். மாடிக்குத் துணி காயப்போடப் போன அம்மா, ‘முட்டி வலி’ என்று கீழேயே கொடி கட்டிக்கொள்வார். மூச்சு வாங்கும் வேலைகளை ஒவ்வொன்றாக விட்டுவிடுவதால் நோய் இருப்பதே தெரியாது. டாக்டரிடம் போகும்போது நுரையீரல் பெருமளவு பழுதாகியிருக்கும். பழுதான பகுதி திரும்பாது. மிச்சமிருப்பதைக் காப்பாற்ற முடியும். அதனால்தான் சீக்கிரம் கண்டுபிடிப்பது முக்கியம்.

கருவிக்குள் பலமாக ஊதச் சொல்லும் ‘ஸ்பைரோமெட்ரி’ பரிசோதனை நோயை உறுதிசெய்யும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைகளில் நெஞ்சக நோய் மருத்துவரைப் பார்க்கலாம்.

தினமும் கவனிக்க வேண்டியவை

* புகையை நிறுத்துவதுதான் முதல் மருந்து. எந்த வயதில் நிறுத்தினாலும் பலன் உண்டு.

* இன்ஹேலர் பழக்கமாகி அடிமையாக்கிவிடும் என்பது தவறான பயம். மருந்து நேராக நுரையீரலுக்குப் போவதால் குறைந்த அளவே போதும். அழுத்தும் வகை இன்ஹேலர் என்றால், நன்கு குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, அழுத்தியபடி மெதுவாக இழுத்து, 10 விநாடி அடக்க வேண்டும். ஸ்டீராய்டு கலந்தது என்றால் பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும்.

* மூச்சு வாங்கும்போது 2 எண்ணும்வரை மூக்கால் இழுத்து, விளக்கை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து 4 எண்ணும்வரை விடுங்கள்.

* ‘மூச்சு வாங்குதே’ என்று முடங்கிவிடக் கூடாது. டாக்டர் சொன்ன அளவு தினமும் நடந்தால் தசைகள் பலம் பெறும்.

* ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகள் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். போகிப் புகை, சாம்பிராணி, கொசுவர்த்தி வேண்டாம்.

* ஆக்சிஜன் இயந்திரத்தை வாங்கி இஷ்டத்துக்கு வைக்கக் கூடாது. இந்த நோயாளிகளுக்கு அளவு மீறிய ஆக்சிஜனும் ஆபத்து.

எப்போது அவசரம்?

சளி அதிகமானாலோ, மஞ்சள், பச்சையாக மாறினாலோ உடனே டாக்டரைப் பாருங்கள். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமை, உதடு நீலம் பாரித்தல், குழப்பம் என்றால் 108-ஐ அழையுங்கள்.

‘மூச்சு வாங்குதா?’ என்று வீட்டுப் பெரியவரிடம் கேட்டால் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். ‘போன வருஷம் செய்த எந்த வேலையை இப்போ செய்யறதில்லை?’ என்று கேட்டுப் பாருங்கள். உண்மை அதில் தெரிந்துவிடும்.